பழியும் கணக்கும்

பெண்ணைப் பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தல் எமது சமூகத்துக்குப் புதிய கலையன்று. நிறத்தை ஒப்பிடுவோம், கூந்தலை ஒப்பிடுவோம், சீதனத்தை ஒப்பிடுவோம், ஒரு வீட்டு மருமகள் வைக்கும் குழம்பை அடுத்த வீட்டு மருமகளின் குழம்போடு ஒப்பிட்டு, இருவரையும் ஒருங்கே மனம் நோகச் செய்வோம். இவ்வொப்பீடுகளால் விளைந்த நன்மை யாதென எவரேனும் வினவின் விடை கூறுதல் அரிது. ஆயின், பெண்டிரைப் பெண்டிரோடு ஒப்பிட்டு நோக்கியதனாலேயே ஒரு கொடிய நோயின் வேரை வைத்திய உலகம் கண்டுகொண்ட வரலாறும் உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும், அதனை விளைவிக்கும் பப்பிலோமா வைரசுமே நாம் இங்கு பேச எடுத்துக்கொண்ட பொருள். நாம் வைத்தியம் கற்றவரல்லோம். கல்லூரியிலே கணிதம் கற்பிக்கின்றோம். ஆகவே எண்களின் பக்கமாக நின்றே இதனைக் கூற இயலும். வளர்ந்த பெண்பிள்ளைகள் இப்பக்கத்தைப் படித்துவிடுவார்களே எனப் பெற்றோர் தயங்க வேண்டுவதில்லை. அவர்களையும் எண்ணியே இதனை எழுதுகின்றோம்.

1842 ஆம் ஆண்டிலே டொமினிக்கோ ரிகோனி ஸ்டேர்ன் என்னும் இத்தாலிய வைத்தியர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். வெரோனா நகரிலே 1760 தொடக்கம் 1839 வரை இறந்தவர்களின் பதிவேடுகளை அவர் புரட்டிப் பார்த்தார். எண்பது ஆண்டு மரணக் கணக்கு! கருப்பையிலே புற்றுநோய் கண்டு இறந்தவர்களுள் மணமான பெண்களும் கைம்பெண்களும் மிகுதியாயிருந்தனர். கன்னிமாடத்துத் துறவியரோ மிகச் சிலர். மார்பிலே தோன்றும் புற்றுநோய் இதற்கு மாறாகத் துறவியரிடத்தே மிகுந்திருந்தது. நுணுக்குக்காட்டியிலே எதனையும் காணாமல், ஏட்டிலே கோடு கிழித்துக் கூட்டிக் கழித்தே அம்மனிதர் இவ்வளவையும் கண்டார் என்பது கணிதம் கற்பிக்கும் எமக்குப் பெருமகிழ்ச்சி தருவதாகும்.

ஆயினும் இக்கணக்கை இரண்டு விதமாகப் படிக்கலாம். துறவியர் தூயவர், ஆதலின் நோயினின்று தப்பினர் என்று படிப்பது ஒன்று. தாம்பத்திய வாழ்விலே ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்லும் ஏதோ ஒரு பொருள் இந்நோயை விளைவிக்கின்றது என்று படிப்பது மற்றொன்று. முன்னையது பழி, பின்னையது விஞ்ஞானம். இரண்டுக்கும் ஆதாரமாயிருந்தவை அதே எண்களே என்பதை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஏனெனில், அன்று தொடங்கிய இவ்விரண்டு படிப்பும் இன்று வரை ஒன்றையொன்று விட்டு அகலவில்லை.

அந்த 'ஏதோ ஒரு பொருள்' இன்னதென்று அறிய மேலும் 140 ஆண்டுகள் சென்றன. ஹேர்ப்பீசு என்னும் வைரசே காரணமென்று பலரும் நம்பியிருந்த காலத்திலே, ஜேர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன் என்பார், அன்று, அது பப்பிலோமா வைரசே என்று ஓயாது கூறிவந்தார். 1983 இல் அவரது குழுவினர் புற்றுநோய்த் திசுவிலிருந்து அவ்வைரசின் 16 ஆம் வகையையும், அடுத்த ஆண்டிலே 18 ஆம் வகையையும் பிரித்தெடுத்தனர். 2008 இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இவ்வைரசிலே இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உள. சில வகைகள் கையிலும் காலிலும் மருவையும் பாலுண்ணியையும் தோற்றுவிப்பதோடு நின்றுவிடும். பன்னிரண்டு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட வகைகளே புற்றுநோய்க்கு ஏதுவாவன. அவற்றுள்ளும் 16, 18 ஆகிய இரண்டுமே இந்நோயில் நூற்றுக்கு எழுபது பங்கை விளைவிக்கின்றன. இது தாம்பத்திய உறவின் வழி தோலோடு தோல் சேர்வதாற் பரவுகின்றது. மணவாழ்வில் ஈடுபட்ட ஆணும் பெண்ணும் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு முறையேனும் இதனைப் பெற்றே தீருவர். பெற்றவருள் மிகப் பலரிடத்து உடலே இரண்டு ஆண்டுக்குள் அதனைத் துடைத்தெறிந்து விடுகின்றது. வலியில்லை, காய்ச்சலில்லை, வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒரு சிலரிடத்தே அது போகாமற் பதுங்கியிருந்து, 15 அல்லது 20 ஆண்டு சென்ற பின் புற்றாக வெளிப்படுகின்றது.

நிற்க. ஒப்பீட்டுக்கு வருவோம்.

2005 ஆம் ஆண்டிலே, புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சருவதேச நிறுவனத்தினர் 11 நாடுகளைச் சேர்ந்த 15,613 பெண்களின் பரிசோதனை முடிவுகளை ஒருங்கே வைத்து ஒப்பிட்டனர். அப்பெண்கள் எல்லோரும் நோய்க்குறி எதுவும் காணப்படாதவர்கள். ஸ்பெயின் நாட்டிலே நூற்றுக்கு 1.4 பேரிடம் வைரசு இருந்தது. நைஜீரியாவிலே நூற்றுக்கு 25.6 பேரிடம் இருந்தது. ஏறக்குறைய இருபது மடங்கு வேறுபாடு!

இவ்வெண்களைப் பெறுமுன் அவர்கள் ஒரு வேலை செய்தனர். அதனை விளக்காமல் அப்பாற் செல்ல எமது தொழில் இடந்தராது. இரண்டு ஊர்கள் உள எனக் கொள்வோம். ஓர் ஊரிலே இளையோர் நிறைந்துள்ளனர். மற்றையதிலே இளையோரெல்லாம் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போய்விட, வீட்டுக்கு இரண்டு முதியோரே காவலிருக்கின்றனர். (அத்தகைய ஊரை வாசகர் வெகுதூரம் தேட வேண்டுவதில்லை.) இரண்டாவது ஊரிலே தலை நரைத்தோர் மிகுதி, ஆகவே அவ்வூர்க் கிணற்று நீர் மயிரை நரைக்கச் செய்யும் என்று ஒரு மாணவன் எழுதினால் என்ன புள்ளி கொடுப்போம்? பப்பிலோமா வைரசும் வயதோடு மாறுவது. பல நாடுகளிலே இருபத்தைந்து வயதுக்குட்பட்டோரிடம் மிகுந்து, பின்னர்க் குறைவது. ஆகவே ஒவ்வொரு நாட்டுக் கணக்கையும் ஒரே வயதுப் பரம்பலுக்குத் திருத்தியமைத்த பின்னரே ஒப்பிடல் வேண்டும். மேற்காட்டிய இருபது மடங்கு வேறுபாடு அவ்வாறு திருத்திய பின்னரும் எஞ்சியதாகும்.

ஒரு நாட்டுப் பெண்டிர் மற்றொரு நாட்டுப் பெண்டிரிலும் இருபது மடங்கு குறைந்த ஒழுக்கமுடையவர் என்று இதற்குப் பொருள் கூற முடியுமா? கூறுவார் உளர். அவர்களுக்கு விடையாக வியட்நாம் நாட்டுக் கதையைச் சொல்ல விரும்புகின்றோம்.

வடக்கே ஹனோய், தெற்கே முன்னாளிற் சைகோன் எனப்பட்ட ஹோ சி மின் நகர். ஒரே மொழி, ஒரே இனம், ஒரே வகையான குடும்ப ஒழுங்கு. ஒவ்வொரு நகரிலும் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பரிசோதித்து, 2003 இல் முடிவை வெளியிட்டனர். ஹனோயிலே நூற்றுக்கு 2.0, ஹோ சி மின் நகரிலே நூற்றுக்கு 10.9. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் தெற்கிலே வடக்கைப் போல நான்கு மடங்கு. ஒரே நாட்டுக்குள்ளே இத்துணை வேறுபாடு எங்கிருந்து வந்தது? மறு ஆண்டிலே வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, 1975 இல் முடிவுற்ற அந்த நீண்ட போரின் பக்கம் விரல் நீட்டியது. நோயுற்ற பெண்களையும் நோயற்ற பெண்களையும் ஒப்பிட்டபோது, வடக்காயினும் தெற்காயினும், கணவன் போர்க்காலத்திலே படையிற் பணியாற்றியிருத்தல் மனைவியின் நோயோடு தொடர்புற்றுக் காணப்பட்டது. படைகள் திரளும் இடங்களிலே ஆடவர் ஆண்டுக் கணக்கில் வீட்டை விட்டுப் பிரிந்து வாழ்வர். அப்பிரிவின் விளைவு, துப்பாக்கிகள் ஓய்ந்து இருபது முப்பது ஆண்டுகள் சென்ற பின், அடுப்படியை விட்டு அகலாத ஒரு பெண்ணின் உடலிலே வெளிப்படுகின்றது.

இதனை வாசித்த நாளிலே எமக்கு எமது சின்னம்மாவின் நினைவு வந்தது.

சின்னம்மா எமது அன்னையாரின் தங்கை, வடமராட்சியிலே வாழ்ந்தவர். 19 ஆவது வயதிலே மணமாகி ஐந்து பிள்ளைகளைப் பெற்றவர். சித்தப்பா குருநாகலிலே கடை வைத்திருந்தார். அக்காலத்து யாழ்ப்பாண வணிகர் பலரையும் போல, பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும், இடையிலே இரண்டொரு முறையும் ஊருக்கு வருவார். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்திலே கடை எரிந்தபின் ஊரோடு வந்து தங்கிவிட்டார். சின்னம்மா தமது வளவையும் கோயிலையும் தவிர வேறு உலகம் அறியாதவர். மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் கழிந்தபின் அவருக்கு மீண்டும் உதிரம் கண்டது. ஏழெட்டு மாதம் அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. பழஞ்சீலைகளைத் தாமே தோய்த்து, மாட்டுக் கொட்டிலின் பின்புறத்திலே உலர விட்டு வந்தார் என்பது அவர் மறைந்த பின்னரே மகளுக்குத் தெரியவந்தது. வைத்தியசாலைக்குக் கொண்டு சென்ற வேளையில் நோய் இடுப்பெலும்பு வரை பரவியிருந்தது. 2011 ஆம் ஆண்டிலே, தமது 58 ஆவது வயதிற் காலமானார்.

இறப்பிலும் பார்க்க எம்மை வருத்தியது எட்டுச் செலவு வீட்டிலே நிகழ்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், இந்நோய் இன்ன வழியால் வருவது என்று தாம் அறிந்ததைத் திண்ணையிலிருந்து கூறினார். அவர் கூறியது பிழையன்று, அரைகுறை. அதுவே போதுமாயிருந்தது. குசினியிலிருந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். ஐம்பத்தெட்டு ஆண்டு வாழ்ந்த வாழ்வைப் பற்றி, பலகாரம் சுட்டுக்கொண்டே தாழ்ந்த குரலிற் கணக்குப் பார்த்தனர். சித்தப்பாவின் பெயரை எவரும் எடுக்கவில்லை என்பதையும் சொல்லல் வேண்டும். நாமும் அவர்மீது பழி சுமத்த இதனை எழுதவில்லை. அவரும் போய்விட்டார். இவ்வைரசு எவரிடமிருந்து எவருக்கு, எந்த ஆண்டிலே சென்றது என்று ஒரு தம்பதியரைப் பார்த்துக் கூற எந்த வைத்தியராலும் இயலாது. ஆண்களிடம் அது பெரும்பாலும் எவ்வித அடையாளமுமின்றித் தங்கிச் செல்கின்றது. ஆயிரம் பெண்களின் கணக்கிலிருந்து ஒரு பெண்ணின் கதையைப் பிரித்தெடுக்க முடியாது. குசினியிலே நடந்த கணக்கின் முதற் பிழையே அதுதான்.

இரண்டாவது பிழை, 'காரணி' என்னும் சொல்லிலே இருக்கின்றது. ஆராய்ச்சியாளர் 'ஆபத்துக் காரணிகள்' என்று ஒரு பட்டியல் தருவர். இளவயதிலே தொடங்கிய தாம்பத்தியம், பல பேருடன் உறவு, பல மகப்பேறுகள், புகைத்தல், கருத்தடை மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்ளல், கிளமிடியா போன்ற வேறு தொற்றுகள், எச்.ஐ.வி. முதலியவற்றால் உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றுதல் ஆகியன அதிற் காணப்படும். இப்பட்டியலைப் படிப்பவர் கண்ணுக்கு இரண்டாவதாக உள்ளது மாத்திரமே பெரிய எழுத்திலே தெரிகின்றது. ஐந்து பிள்ளைகளைப் பெற்றதும் பட்டியலில் உண்டு. 19 வயதிலே மணம் முடித்துக் கொடுத்ததும் உண்டு. அவற்றைச் செய்தவர் யார்? சின்னம்மாவா, ஊரா? மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறுவோம்: அதனால் வரும் ஆபத்து சிறிது, நிறுத்தியபின் குறைந்துவிடுவது. வைத்தியரின் ஆலோசனையோடு அதனை உட்கொள்ளும் பெண்கள் இக்கட்டுரையைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை.

பட்டியலிலே பெண்ணின் பெயரின் கீழ் எழுதப்படாத ஒரு காரணியும் உண்டு. 1996 இல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியொன்று கணவர்களையும் பரிசோதித்தது. கணவனிடம் இவ்வைரசு காணப்பட்ட பெண்ணுக்கு, காணப்படாத பெண்ணைவிடப் புற்றுநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. கணவனின் வெளித்தொடர்புகள் மிகுந்தவாறே மனைவியின் ஆபத்தும் மிகுந்தது. இதே ஆராய்ச்சியைக் கொலம்பியா நாட்டிலே நடத்தியபோது அத்தொடர்பு அவ்வளவு தெளிவாகப் புலப்படவில்லை. அங்கு நோய் ஸ்பெயினைவிட எட்டு மடங்கு மிகுதி; ஆடவரிடத்தே வைரசு எங்கும் பரவியிருந்தது. மழை எல்லோர் மேலும் பெய்யும்போது, குடையின்றிப் போனவர் யாரென்று நனைந்த சட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதன்றோ? ஓரிடத்திலே ஒரு காரணி தென்படவில்லை என்பதால் அஃது அங்கு இல்லை என்று முடிவு செய்தலாகாது. உயர்தர வகுப்பு மாணவருக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எமக்குக் கிடைத்ததில்லை. ஆயினும் வகுப்பறையிலே இதனைக் கூறும் துணிவு எத்தனை கல்லூரிகளில் வரும் என்பது வேறு விஷயம்.

இனி, எமக்கு மிக அண்மையிலுள்ள ஒரு கணக்கு. பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டிலே, திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 16 முதல் 59 வரை வயதுடைய, மணமான 1,891 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். 2005 இல் முடிவு வெளிவந்தது. நூற்றுக்கு 16.9 பேரிடம் வைரசு இருந்தது. எம்மைப் போலத் தமிழ் பேசி, எம்மைப் போலவே பெண்பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் ஊர்கள் அவை. செல்வ நாடுகளிலே இளவயதில் உயர்ந்து பின்னர் வீழும் அந்தக் கோடு, திண்டுக்கல்லிலே வீழவில்லை. இருபது வயதிலும் ஐம்பது வயதிலும் ஏறக்குறைய ஒரே மட்டம். உயர்நிலைப் பள்ளி வரை கற்ற பெண்களிடம் தொற்றுக் குறைவு; பள்ளியே செல்லாதவரிடம் மிகுதி. கைம்பெண்களிடமும் கணவனைப் பிரிந்தவர்களிடமும், கணவனோடு வாழ்வோரிடத்துள்ளதிலும் மிகுதி. கைம்மையைக் குற்றமாகக் கருதும் ஊர்களிலே இவ்வெண் எப்படிப் படிக்கப்படும் என்று எண்ணும்போது எமக்கு அச்சமே தோன்றுகின்றது.

கல்வியைப் பற்றி மேலும் ஒன்று கூறலாம். பல நாடுகளின் கணக்குகளை ஒன்றுசேர்த்து 2009 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, கல்வி குறைந்த பெண்களிடம் புற்றுநோய் மிகுதி என்று கண்டது. ஆனால் அந்நாடுகளை ஒருசேர நோக்கியபோது, வைரசுத் தொற்றோ கற்றவர், கல்லாதவர் இருசாராரிடமும் பெரிதும் வேறுபடவில்லை! அவ்வாறாயின் புற்றுநோயிலே வேறுபாடு வந்தது எவ்வாறு? இளவயதுத் தாம்பத்தியமும் மிகுந்த மகப்பேறுகளுமே பெரும்பங்கு என்று அவர்கள் விடை கூறினர்.

தொற்று வேறு, நோய் வேறு என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது மற்றோர் ஒப்பீடு. ஐக்கிய அமெரிக்காவிலே 2003, 2004 ஆம் ஆண்டுகளில் 14 முதல் 59 வயது வரையான பெண்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 26.8 பேரிடம் இவ்வைரசு காணப்பட்டது. திண்டுக்கல்லினும் எவ்வளவோ மிகுதி. (பரிசோதனை முறையும் வயதெல்லையும் ஒன்றல்ல, ஆகவே இவ்விரண்டு எண்களையும் தராசிலே நேருக்கு நேர் வைத்தல் கூடாது. ஆனால் அமெரிக்கா குறைவன்று என்பது தெளிவு.) அப்படியாயின் புற்றுநோயும் அங்குத்தானே மிகுந்திருக்க வேண்டும்? அங்கு இந்நோய் வரும் விகிதம் இந்தியாவினதிற் பாதிக்கும் குறைவு. 2020 ஆம் ஆண்டிலே மாத்திரம் இந்தியாவில் 77,000 பெண்கள் அளவில் இதனால் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

அமெரிக்கப் பெண்டிரைக் காத்தது எது? 1940 களிலே ஜோர்ஜ் பப்பனிக்கொலோ என்னும் வைத்தியர் பரப்பிய பரிசோதனை. கருப்பைக் கழுத்திலிருந்து சில கலங்களை வழித்தெடுத்துக் கண்ணாடித் தகட்டிலே பூசிப் பார்ப்பர். அதனையே இன்று பாப் பரிசோதனை என்கின்றோம். அவருடைய மனைவியார் அந்திரோமகி, கணவரின் ஆராய்ச்சிக்காகத் தம்மையே நெடுங்காலம் பரிசோதனைக்கு உட்படுத்தினார் என்பதும் வரலாறு. வைரசு பதினைந்து இருபது ஆண்டு பதுங்கியிருக்கின்றது என்றோமல்லவா? அப்பதினைந்து ஆண்டுக்குள் ஒரு முறையோ இரு முறையோ பார்த்துவிட்டால், புற்றாக முன்னரே அதனைக் களைந்துவிடலாம். நோய் தரும் தவணை அது.

ஆய்வுகூடமில்லாத ஊருக்கு என்ன வழி? அதற்கும் திண்டுக்கல்லே விடை தந்தது. 2000 ஆம் ஆண்டளவிலே தொடங்கிய ஒரு பெருமுயற்சியில், பயிற்சி பெற்ற தாதியர் வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலத்தைக் கருப்பைக் கழுத்திலே தடவி, வெண்மையாக மாறும் இடங்களைக் கண்ணாற் பார்த்துச் சிகிச்சைக்கு வழி செய்தனர். 2007 இல் வெளிவந்த முடிவின்படி, அவ்வாறு பார்க்கப்பட்ட கிராமங்களிலே இந்நோயால் நேர்ந்த மரணம், பார்க்கப்படாத கிராமங்களிலும் நூற்றுக்கு 35 பங்கு குறைந்தது. நாம் ஊறுகாய்க்கு வைத்திருக்கும் வினாகிரி!

எமது நாட்டுக்கு வருவோம். கம்பகா மாவட்டத்திலே மணமான 2,000 பெண்களைப் பரிசோதித்து 2012 இல் வெளியிட்ட ஆய்வு, நூற்றுக்கு 3.3 பேரிடமே வைரசு உண்டென்றது. நைஜீரியாவையும் திண்டுக்கல்லையும் நோக்க இது மிகச் சிறிய எண். உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார் உளர். எட்டுச் செலவு வீட்டுத் திண்ணையிலே இருந்தவரும் அவர்களுள் ஒருவராயிருப்பார். 3.3 என்பதைச் சற்றே பெருக்கிப் பார்ப்போம். அறுபது ஆசிரியைகள் உள்ள ஒரு கல்லூரியிலே அஃது இரண்டு பேர். அவ்விருவர் யாரென்று முகத்தைப் பார்த்துக் கூற முடியாது. விபூதிப் பூச்சைப் பார்த்தும் கூற முடியாது.

எமது நாட்டிலே 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெற்று வருகின்றன. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களை அழைத்து இப்பரிசோதனையை இலவசமாகச் செய்கின்றனர். நாமும் எமது 45 ஆவது வயதிலே சென்று மீண்டோம். காத்திருந்த நேரமே மிகுதி. உள்ளே ஆனது சில நிமிடம். கூச்சம் உண்டு, வலி இல்லை. 2017 முதல் தரம் 6 மாணவியருக்குத் தடுப்பூசியும் பாடசாலைகளிலே ஏற்றப்படுகின்றது. வைரசு உடலிற் புகுமுன் ஏற்றினாலே அது முழுப்பயன் தரும். ஆகவேதான் அந்தச் சிறு வயது. இங்கிலாந்திலே 12, 13 வயதில் அதனைப் பெறும் வாய்ப்புக் கிடைத்த பெண்களிடத்து இப்புற்றுநோய் 87 சதவீதம் குறைந்தது என்று 2021 இல் அறிவித்தனர். ஏற்கெனவே புகுந்த வைரசை அது அகற்றாது. எனவே மகளுக்கு ஊசி, தாய்க்குப் பரிசோதனை.

சின்னம்மாவின் இளைய மகளுக்கு இப்பொழுது வயது 45. எமக்கு உடன்பிறவாத் தங்கை. அவளுடைய கடைசிப் பிள்ளை தரம் 6 இல் படிக்கின்றாள். பாடசாலையிலிருந்து வந்த தடுப்பூசிச் சம்மதப் படிவத்திலே அவள் அன்றைக்கே கையொப்பமிட்டு அனுப்பினாள். தன்னை அழைத்த கிளினிக்குக்கு மாத்திரம் மூன்று தடவை போகவில்லை. மருத்துவமாது வீட்டுக்கு வந்து கேட்டபோது, ஒரு முறை காய்ச்சல் என்றாள். ஒரு முறை கலியாண வீடு என்றாள்.

கடந்த மாதம் அவள் வீட்டு விறாந்தையிலிருந்து நேரே கேட்டோம்.

"அக்கா, நான் போய் அங்க நிண்டா, சனம் அம்மாவைப் பற்றித் திரும்பவும் கதைக்கும்" என்றாள்.

வைத்தியக் காரணம் எதனையும் அவள் கூறவில்லை. தாய் இறந்து இத்தனை ஆண்டு சென்ற பின்னும், தாயின் பெயரைக் காப்பதற்காக மகள் தன் உடலைப் பணயம் வைத்திருந்தாள். ஊசியால் வரும் ஆபத்து, நோயால் வரும் ஆபத்து என்று நாம் எண்ணிச் சென்ற விளக்கமெல்லாம் அவ்விடத்திலே பயன்படவில்லை. பிள்ளையின் கணிதக் கொப்பியிலே ஒரு தாளைக் கிழித்து, ஹனோய் என்றும் சைகோன் என்றும் எழுதி, 2.0 என்றும் 10.9 என்றும் எழுதிக் காட்டினோம். படையிலே சேர்ந்த கணவர்களைப் பற்றிச் சொன்னோம். வெரோனாவைப் பற்றியும் சொன்னோம். அவள் அத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அம்மாவில ஒரு பிழையும் இல்லையோ?"

"இல்லை" என்றோம்.

அவள் எழுந்து உள்ளே போய்த் தேநீர் கொண்டு வந்தாள். சீனி போட மறந்திருந்தாள். அதன்பின் அவ்விஷயத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, கிளினிக்குக்குச் சேலை உடுத்திக்கொண்டு போவதா, சட்டை போட்டுக்கொண்டு போவதா வசதி என்று கேட்டாள். சட்டை வசதி என்றோம்.

வருகின்ற செவ்வாய்க்கிழமை போவதாக ஏற்பாடு. நாமும் கல்லூரியிலே அரைநாள் விடுப்புக் கேட்டிருக்கின்றோம். எட்டு மணிக்கு முன் வந்தாற் கூட்டம் குறைவு என்று மருத்துவமாது சொல்லியனுப்பியிருக்கின்றார்.